பெரிய சனி

புழலில் மனு பார்க்கப் போனால்
முதலில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள்,
பிறகு கொண்டையை அவிழ்க்க.
இரண்டு கம்பிவலை, நடுவே ஒரு முழ இடைவெளி.
இந்தப் பக்கம் இருபது தாய்மார்
ஒரே நேரத்தில் கத்துகிறோம்.
மெல்வின் ஏதோ கேட்டான்.
சோப்பு என்றானா, சாப்பிட்டியா என்றானா
தெரியவில்லை.
தலையாட்டினேன்,
இரண்டுக்கும் சேர்த்து.

திரும்பும் பஸ்ஸில், மூலக்கடைப் பாலத்தின் மேல்
சேலையை முகர்ந்தேன். இறால்.
காசிமேட்டில் விடிகாலை மூன்றுக்குத்
தலை கிள்ளி, ஓடு உரித்து
கிலோ கணக்கில் கூலி எண்ணும் விரல்கள்;
வக்கீல் ஃபீசுக்கு
தாலிக்குண்டை எண்ணிக் கொடுத்ததும் இவைதான்.

"சனி பிடிச்ச குடும்பம்" என்றாள் ஒருத்தி,
தண்ணி லாரி வரிசையில்
தன் குடத்தை என் குடத்துக்கு முன்னால் நகர்த்தியபடி.
சொல்லட்டும்.
இன்று சனிதான். பெரிய சனி.
நேற்று ஆண்டவர் செத்தார்.
நாளை எழுவார்.
இன்றைக்கு என்ன செய்கிறார் என்று
எந்த ஃபாதரும் எனக்குப் புரிகிற மாதிரி
சொன்னதில்லை.

சாயங்காலம் கோயிலைக் கழுவ ஆள் கூப்பிட்டார்கள், போனேன்.
பீடத்தில் துணியில்லை, பூவில்லை.
பேழைக் கதவு ஆவென்று திறந்து கிடக்க
உள்ளே யாருமில்லை.
சிவப்பு விளக்கும் அணைந்திருந்தது.
எட்டு மாதத்தில் முதல் முறையாக
என் வீட்டைப் போலவே ஓர் இடம்.
பினாயில் வாளியை ஓரம் வைத்து
தரையில் உட்கார்ந்தேன்.
செபம் வரவில்லை.
வந்ததெல்லாம் கொசு.

இரவு பதினொன்றுக்கு எல்லா விளக்கையும் அணைத்தார்கள்.
வெளியே துறைமுகத்துக் கண்டெய்னர் லாரி ஒன்று
நகர வழியில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது.
வாசலில் மூட்டிய தீயில் பெரிய திரியைக் கொளுத்தி
ஃபாதர் இருட்டுக்குள் கொண்டுவந்தார்.
ஒருவர் மெழுகுவர்த்தியிலிருந்து இன்னொருவருக்கு
நெருப்பு வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது.
நான் கடைசித் தூணருகே,
யார் கண்ணிலும் படக்கூடாதென்று
பார்த்துப் பிடித்த இடம்.
அதே காரணத்துக்காக அதே இடத்தை
இன்னொருத்தியும் பிடித்திருப்பாள் என்று
நான் என்ன கண்டேன்?

வெளிச்சம் முகத்துக்கு ஏறியபோதுதான் பார்த்தேன்.
செலின்.
ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நாற்பத்தொரு நாள்
தரையில் அட்டை விரித்துப் படுத்தவள்.
அவள் பிள்ளை ஊன்றுகோலோடு
மாடிப்படி ஏறுவதைப் பார்த்துப் பார்த்து
என் ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன்.
கத்தி என் வீட்டுக் கத்தி.
தேங்காய்ப் பத்தை கீறுவது.

அவள் கை நின்றது.
என் கை இறங்கியது.
பின்னாலிருந்து ஒரு பையன்
"ஆண்ட்டி, இங்க குடுங்க" என்றான்.

"சாச்சுப் புடி," என்றாள் செலின்.
நான் விழித்தேன்.
"உன்னுத சாச்சுப் புடி.
எரியறத சாச்சா மெழுகு ஊத்தும்.
எரியாததுதான் சாயணும்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
திரியில் ஈரமோ என்னவோ
இரண்டு தடவை பற்றி, இரண்டு தடவை அணைந்தது.
அவள் கையை எடுக்கவில்லை.
மூன்றாம் தடவை பிடித்தது.
திரும்பி அந்தப் பையனுக்குக் கொடுத்தேன்;
அவனுக்கும் சொன்னேன்,
சாச்சுப் புடிப்பா.

வியாழனிலிருந்து ஊமையாய்க் கிடந்த மணி
அடிக்கத் தொடங்கியது. எல்லோரும் பாடினார்கள்.
என் தொண்டையில் சத்தம் வந்ததா, தெரியாது.
வாய் திறந்திருந்தது, அது மட்டும் நிச்சயம்.

மூன்று மணிக்குக் காசிமேடு.
கட்டைவிரல் நகத்தில் மெழுகு காய்ந்து ஒட்டியிருந்தது.
இறால் உரிக்க அந்த நகம்தான் வேண்டும்.
சுரண்ட மனமில்லை.
வேறு விரலால் உரித்தேன், கூலி குறைந்தது.

அடுத்த மனு புதன்கிழமை.
சோப்பு வாங்க வேண்டும்.
சாப்பிட்டேன் என்றும்
கம்பிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி
சொல்ல வேண்டும்.